ஜெட்டி முடக்கில் நிற்கும் மூட்டைக்காரன்

படகுத்துறைக்குத் திரும்பும் ஜெட்டி முடக்கில் சிலை வைக்கப் போகிறார்கள் என்றபோது யாரோ பெரிய மனுசனாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மூடியிருந்த சாக்கை எடுத்த அன்றுதான் தெரிந்தது, எங்களைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். முதுகில் கோதுமை மா மூட்டை, வளைந்த முழங்கால், கழுத்தில் புடைத்த நரம்பு. வெறும் சீமெந்துதான், என்றாலும் பார்க்கப் பார்க்க எனக்கு இடுப்பு வலித்தது. துறைமுகத் தொழிலாளிக்கு மரியாதையாம். மரியாதை செய்கிற நேரத்திலாவது மூட்டையை இறக்கிவிட்டு இவனை ஒரு பிளேன்ரீ குடிக்க விட்டிருக்கக் கூடாதா?

பட்டணத்து ஆட்கள் வந்து பார்த்து, "என்ன பலம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அதன் கிட்டப் போவதில்லை. காரணம், செய்தவனுக்குத் தெரியாத ஒரு விஷயம். கப்பல் மூட்டையை ஒருவன் தனியாக இறக்க முடியாது. முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர், இறக்கும் இடத்தில் பிடிக்க ஒருவன். பிடிக்கிறவன் வரும்வரை சுமக்கிறவன் குனிந்தபடி நிற்க வேண்டியதுதான். இந்தச் சிலைக்குப் பிடிக்க ஆள் இல்லை. இரவு பகலாக ஒருவன் அப்படி நிற்பதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

எனக்கு இன்னும் மோசம். வெள்ளைக்காரன் இங்கிருந்த கடற்படைத் தளத்தை விட்டுப் போன அடுத்த வருசம், அதாவது பதினொரு வருசத்துக்கு முன், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் அபூதாஹிருக்கு மூட்டை பிடிக்கிறவன் நான்தான். ஒருநாள் அவர் மூட்டையோடு வந்து நின்றபோது நான் பண்டகசாலைக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில் தானே இறக்கப் போய் முதுகு முறிந்தது. கங்காணி கேட்டபோது, கால் வழுக்கி விழுந்தவர் என்று சொன்னேன். நானா மறுத்துப் பேசவில்லை. ஊரான மூதூருக்கே போய்விட்டார். நான் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

சிலை வந்த பிறகு வேலைக்கு வேறு ரோட்டால் சுற்றிப் போனேன். அரை மைல் கூடுதல், இந்த வயதில், இந்தக் காலோடு. யாராவது கேட்டால் அங்கே காற்று நல்லது என்றேன்.

மாரியில் ஒரு பின்னேரம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப் போக அலுத்து, ஜெட்டிப் பக்கமாகவே வந்து தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினேன். மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பொல்லு ஊன்றியபடி ஒரு கிழவர். கண்ணில் பூ விழுந்திருக்க வேண்டும், தடவித் தடவி வந்தார். சிலைக்கு நேரே வந்ததும் நின்றார். பிறகு பொல்லைப் போட்டுவிட்டு விறுவிறென்று போய், சீமெந்து மூட்டைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தார்.

"விடு தம்பி, விடு. நான் பிடிச்சிட்டன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. குரலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது. மழைக்குள் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து விலக்கினேன்.

"அது சிலை, நானா."

"சிலையா?" தடவிப் பார்த்தார். "எவ்வளவு நேரமா நிக்கிறானோ எண்டு பதறிப் போனன். நீ ஆரு, இராசையாவோ?"

"ஓம் நானா. அண்டைக்கு உங்கட கால் வழுக்கேல்ல. நான்தான் பீடி குடிக்கப் போனனான்."

"தெரியும். பீடி மணந்ததே."

"பிறகேன் கங்காணியிட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா உன்ர வேலை போயிருக்கும். நீயா வந்து சொல்லுவாய் எண்டு இருந்தனான். ஒவ்வொரு பெருநாளைக்கும் என்ர மனுசி சுபைதா உனக்கெண்டு ஒரு சோத்துக் கோப்பை எடுத்து வைப்பா. இனி நீ வரமாட்டாய் எண்டு நாலு வருசத்துக்கு முந்தி நான்தான் வைக்க வேணாமெண்டு சொன்னனான்."

லோஞ்சு ஊதியது. பொல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நடந்தார். ஏசவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை.