வாசம் வெளியே போகக்கூடாது

வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குக் கண் மட்டும்தான் ஊர் தாண்டும். நாக்கு வீட்டு அடுப்படியை விட்டு நகராது. அதனால் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள், "மூணு வேளையும் நம்ம வீட்டுச் சாப்பாடு" என்று விளம்பரம் போட்டு, கூட்டத்தோடு ஒரு சமையல்காரரையும் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்தான் மாஸ்டர். இந்தத் தடவை கூடமாட ஒத்தாசைக்கு மச்சானை அழைத்து வந்திருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வேலை போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன்.

"பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்" என்றாள் மனைவி.

"உங்க அண்ணன் என்ன கைக்குழந்தையா?" என்று சிரித்தார் மாஸ்டர்.

சமையல் எங்கே நடக்கிறது என்று பயணிகள் ஒருத்தரும் கேட்டதில்லை. இலையில் விழுந்தால் போதாதா? ஓட்டல் அறையின் குளியலறையில்தான் நடந்தது. அறையில் சமைக்கக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். மின்சார அடுப்பை வைத்தால் ஃபியூஸ் போய்விடும் என்று சின்ன கேஸ் அடுப்பு. அதன் தலையில் அதை அப்படியே மூடுகிற மாதிரி பெரிய குண்டான். கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறக்கூடாது என்று அதற்கு பிளாஸ்டிக் உறை மாட்டியாகிவிட்டது. காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போட்டால் தாளிப்பு வாசம் பக்கத்து அறைக்குப் போகும்; அதையும் நிறுத்தியாகிவிட்டது. கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டால் தீர்ந்தது. வருஷக்கணக்காக இதே பிழைப்பு. ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை என்று மாஸ்டருக்குப் பெருமை வேறு! ஆனால் இதுவரை வாய்த்த குளியலறைகளில் எல்லாம் சின்னதாக ஒரு ஜன்னலாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை.

அன்று மதியச் சமையல் முடிகிற நேரத்தில் மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைக்கட்டுமா?"

"நல்லாச் சொன்னீங்க போங்க! வாசம் வெளிய போச்சுன்னா நம்ம எல்லாரையும் மூட்டை முடிச்சோட தெருவில விட்ருவான். ஒண்ணுமில்ல மச்சான், குளிரு. சூடா ஒரு காபி போட்டுக் குடிங்க."

"மாப்ளே சொன்னா சரி."

வயதில் மூத்தவர்தான். ஆனால் தங்கையைக் கொடுத்த வீட்டுக்காரர். மாப்பிள்ளை பகலை இரவென்றாலும் தலையாட்டிவிட்டுப் போகிற ரகம். மாஸ்டருக்கும் தலை கனமாகத்தான் இருந்தது. வேலை மும்முரத்தில் அதை யார் பார்த்தார்கள்? சோற்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "ராத்திரிக்கு சாம்பாரை ஏத்திடுங்க. நான் வர்ற வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயணிகள் ஒரு பூங்காவில் காத்திருந்தார்கள். பரிமாறப் பரிமாற மாஸ்டருக்குத் தலை லேசானது. பயணிகளில் ஓர் அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ரசம் ஊற்றும்போது வாய் சும்மா இல்லாமல், "காத்து பட்டதும் தலைவலி பறந்துபோச்சும்மா. என் மச்சானையும் கூட்டிட்டு வந்திருக்கலாம், பாவம், அவருக்கும் இதே வலி" என்றார்.

அந்த அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு பேருக்குமா? எங்க வெச்சு சமைக்கிறீங்க?"

மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அடக் கடவுளே! அடைச்ச ரூம்ல கேஸ் அடுப்பா? அது விஷக்காத்துய்யா! வாசமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. கரண்டியைப் போட்டுட்டு ஓடுங்க!"

ஓட்டலுக்கு போன் செய்யச் சொல்லி அந்த அம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் டாக்சியில் ஏறிவிட்டார். போன் எண்ணைத் தேடி, மொழி புரியாமல் திண்டாடி, யாரோ விஷயத்தை எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டரே ஓட்டலுக்கு வந்துவிட்டார். குளியலறைக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. துண்டு தடுத்தது, துண்டுக்குப் பின்னால் மச்சானின் உடம்பு தடுத்தது. தோளைக் கொடுத்து முட்டித் திறந்தார். மச்சான் கதவுப் பக்கமாகவே சாய்ந்து கிடந்தார். கன்னம் சிவந்து, அசந்து தூங்குகிறவர் போல இருந்தார். "மச்சான், மச்சான்!" என்று உலுக்கினார். எங்கே எழுந்திருக்கப் போகிறார்!

ஆம்புலன்ஸ்காரர்கள் மச்சானை நடையில் கிடத்தி நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். திறந்து கிடந்த கதவு வழியாக சாம்பார் வாசம் மாடி முழுக்கப் பரவியது. மற்ற அறைகளில் இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வாசத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு போன் போட்டார். மச்சான் விஷக்காற்றில் மூச்சு முட்டிப் போய்விட்டதைச் சொல்லிவிட்டார், அதற்கு மட்டும் தைரியம் இருந்தது. மறுமுனையில் எழுந்த அலறல் அடங்க வெகுநேரமானது.

"மூச்சு முட்டினா வெளிய ஓடி வரணும்னு அவருக்குத் தெரியாதா? ஒரு கதவைத் திறக்கவா தெரியாது எங்கண்ணனுக்கு?"



"திறக்கக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

  அவள் குரல் வந்தது, அழுகை இல்லாமல்.

"என்னை உங்க கையில பிடிச்சுக் குடுத்த நாள்லேருந்து, உங்க பேச்சை எங்கண்ணன் ஒரு தடவையாவது மீறியிருக்காரா?"