எங்களுக்குத் தெரிந்தவரை

பாலகுமாருக்கு அந்த ஒரு வரி தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இருந்தது. குமராட்சி வயல் வரப்பில் அவன் கண்டெடுத்த சிலந்தியைப் பற்றிய கட்டுரையை பிரேசிலில் ஓர் ஆய்விதழ் கேட்டிருந்தது. சுருக்கம் போர்த்துகீசியத்திலும் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் ஒன்பது வருடப் பிஎச்.டி. பதிவு காலாவதி. அவகாசம் இரண்டு முறை வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. மற்ற வரிகளை நெட் சென்டர் கணினியே மாற்றிக் கொடுத்தது. ஆங்கிலத்தில் கோட்டும் டையுமாக நின்ற அந்த வரி, எங்கள் அறிவுக்கு எட்டியவரை இச்சிலந்தி இங்கே இதற்குமுன் காணப்படவில்லை என்பது, கணினிக்குள் போய், திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் 'உலகிலேயே நாங்கள்தான் முதல்' என்று மார்தட்டிக்கொண்டு வந்தது.

சிதம்பரத்தில் போர்த்துகீசியத்துக்கு எங்கே போவது? விடுதி மெஸ்ஸில் தோசை வார்க்கும் சவரியம்மாள் நினைவுக்கு வந்தாள். கோவாவில் அந்த மொழி பேசும் வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் அவள் பதறினாள். "நாந்தான் மொதல்னு எழுதாதீங்க சார். கண்ணு பட்டுடும்."

"புதுசுன்னு சொல்லியாவணுமேக்கா."

அவள் கல்லில் தண்ணீர் தெளித்தபடி யோசித்தாள். "அங்க ஒரு சாமான் காணாமப் போனா வீட்டம்மா கேப்பாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் யாரும் பாக்கலம்மான்னு சொல்லுவேன். அதச் சொல்லட்டா?"

அவள் போர்த்துகீசியத்தில் சொன்னதைக் காதுக்குக் கேட்டபடி எழுதி, அகராதியில் எழுத்துக்கூட்டிப் பார்த்து அனுப்பினான். வேலைக்காரியின் பேச்சைப் பேராசிரியர்களுக்கு அனுப்பிவிட்டோமே என்று பத்து நாளும் நெட் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்து பார்த்தான்.

இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. கணினி எழுதியதில் ஏழு திருத்தங்கள். அந்த வரியை யாரும் தொடவில்லை. அவன் விட்ட பெருமூச்சில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வருடம் ஒரே மூச்சில் இறங்கியதுபோல் இருந்தது.

அச்செடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடினான்.

"ஒண்ணுகூடத் திருத்தலியா?" சவரியம்மாளால் நம்ப முடியவில்லை. "அந்தம்மா நான் வாயத் தொறந்தாலே திருத்துவாங்க சார். சாவுற வரைக்கும் திருத்துனாங்க."

"ஒண்ணுகூட இல்லக்கா."

"என் வரி எது?"

அவன் காட்டினான். அவள் அதன்மேல் மெதுவாக விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இழுத்தாள். தாளில் தோசைமாவு வெள்ளைக் கோடாக ஈரமாய் நின்றது.