பதினோரு மாதப்பா

"முன்னாடியே கத்தீட்டீங்க மாமா."

"எதுக்கு முன்னாடி?"

"கதவு தெறக்கறதுக்கு முன்னாடி. அரை செகண்டு."

"பயம் வந்தாக் கத்தறதுதான். கம்பெனி பஸ்ஸு மாதிரி அதுக்கு டைம் போட்டா வருது?"

"பயம் வந்தப்பறந்தான கத்தோணும்? இங்க பாருங்க. கதவு மூடித்தான இருக்குது? நீங்க வாயத் தெறந்தாச்சு."

"கொட்டாவியா இருக்கும்."

"கொட்டாவி எங்கயாச்சும் 'மாதப்பா'ன்னு சத்தம் போடுமா?"

சோபாவில் நீட்டிப் படுத்திருந்த விஜய்குமார் முழங்கையை மடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். காலை ஷிப்ட் முடிந்து ஹெப்பாள் தொழிற்பேட்டையிலிருந்து மூன்று மணிக்கு வந்தவன், யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையென்றால் ஊரெல்லாம் விடுமுறை; அவனுக்கு விடுமுறை புதன்கிழமை. விஜயநகரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டின் ஜன்னலுக்குக் கீழே, வீட்டுக்காரர் பைப்பைப் பிடித்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் ஓயாமல் கேட்டது.

சுசித்ரா கம்ப்யூட்டரில் வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டாள். திரை முழுக்க ஆட்டம். வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அவள் கணவனின் முகம். இருட்டான நடை, மூடிய கதவு. பெட்டிக்குள் வாய் திறக்கிறது. "மாதப்பா!" அப்புறம்தான் கதவு திறக்கிறது. அப்புறம்தான் அது வெளியே வருகிறது.

மூன்று வருஷமாக இந்த ஒரு வகை வீடியோ ஆட்டத்தைத்தான் அவர்கள் விளையாடிப் பார்த்து இணையத்தில் விமர்சனம் போடுகிறார்கள். ஜெயிப்பதற்கான ஆட்டங்கள் அல்ல இவை. பாழடைந்த கட்டடம், பேட்டரி தீரப்போகும் டார்ச், கையில் நாலே குண்டு, நம்மைத் தேடிக்கொண்டே இருக்கும் ஒன்று. ஒளிய வேண்டும், ஓட வேண்டும், உயிரோடு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். சுசித்ரா விளையாடுவாள், விஜய்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். முதல் நாள் அவன் உட்கார்ந்ததே தற்செயல்தான். தட்டில் சுருமுரியை வைத்துக்கொண்டு, "அதென்ன தெனமும் இருட்டையே பாத்துட்டிருக்கற?" என்று வந்து உட்கார்ந்தான். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்ததும் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு "மாதப்பா!" என்று கத்தினான். பொரியெல்லாம் கம்ப்யூட்டர் மேல். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டாள்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "யார் இந்த மாதப்பா?" என்று கேட்டிருந்தார். எங்கள் ஹனூர்ப் பக்கத்து மலைச்சாமி, கால் இடறினாலும் பாம்பு குறுக்கே போனாலும் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் வாயில் முதலில் வருகிற பேர் அதுதான் என்று எழுதினாள். அடுத்த ஆட்டத்துக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக, அவன் கத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு மாதப்பாவைப் போட்டாள். 'இந்த ஆட்டம் ஆறு மாதப்பா.' அதன்பின் அதுவே அளவாகிவிட்டது. வேறு யாரிடமும் இல்லாத அளவு. ஏனென்றால் மற்றவர்கள் தங்கள் பயத்தைத் தாங்களே அளந்தார்கள். அவளிடம் அளப்பதற்குப் பயம் மிச்சமில்லை. நூறு ஆட்டம் ஆடியபின், இருண்ட நடையைப் பார்த்தால் இதை வடிவமைத்தவர் மருந்துப் பெட்டியை எந்த மூலையில் வைத்திருப்பார் என்றுதான் அவளுக்கு யோசனை போகும். அதனால் பயப்படும் வேலை அவனுடையது, எழுதும் வேலை அவளுடையது.

இந்த முறை வந்திருந்தது 'உப்புக் கிடங்கு' என்கிற புது ஆட்டம். கம்ப்யூட்டர், டிவியில் மாட்டும் கன்சோல், போன் என்று மூன்றுக்கும் தனித்தனியாக அனுப்பி, மூன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்குத்தான் யாரும் விமர்சனத்தை வெளியிடலாம். சுசித்ரா எழுதி முடித்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒன்பது மாதப்பா. டிவியில் பதினொன்று, இதுவரை எந்த ஆட்டமும் வாங்காத எண்ணிக்கை. போனில் வெறும் ஒன்று. 'உள்ளங்கையளவு திரையில் பயமும் உள்ளங்கையளவுதான். போனில் வாங்காதீர்கள்' என்று முடித்திருந்தாள். அந்த வரி அவளுக்கே பிடித்திருந்தது.

டிவியில் ஆடிய வீடியோவைச் சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. சத்தத்தைக் கோடாகக் காட்டும் இடத்தில், ஆட்டத்தின் சத்தம் ஒரு வரி, அவன் சத்தம் ஒரு வரி. பதினோரு இடத்திலும் அவன் கோடுதான் முதலில் எழும்பியிருந்தது.

"ஒன்னு ரெண்டுன்னா நானே விட்டுருப்பேன். பதினொன்னும் அப்படித்தான் இருக்குது மாமா."

"பிடு சுசி, விட்டுரு. சுஸ்தா இருக்குது."

சுஸ்து என்பது களைப்புக்கு அவர்கள் வீட்டில் புழங்கும் கன்னடச் சொல். இந்த ஒரு வருஷமாக அது வீட்டில் மூன்றாவது ஆளைப் போலக் குடியிருந்தது. வந்ததும் சுஸ்து, சாப்பிட்டால் சுஸ்து, எழுந்தால் சுஸ்து.

"உங்க போன்லயும் இந்த ஆட்டத்தப் போட்டுத் தந்தனே, படம் எடுக்கறதுக்கு. அதுல எத்தன மணி நேரம் ஆடியிருக்குதுன்னு கணக்கு காட்டும். இப்பத்தான் பாத்தேன்." அவள் நாற்காலியைத் திருப்பினாள். "பதினாலு மணி நேரம்."

விஜய்குமார் முழங்கையை எடுக்கவில்லை. கீழே தண்ணீர் நின்றது. பைப்பைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸுல," என்றான் கடைசியில். "போறப்ப நாப்பது நிமிசம், வர்றப்ப நாப்பது நிமிசம்."

"எதுக்கு?"

"எந்தெந்த எடத்துல வருதுன்னு தெரிய வேண்டாமா? தெரிஞ்சாத்தான கத்த முடியும்."

சுசித்ராவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"எப்பருந்து இப்படி?"

"அந்தக் கப்பல் ஆட்டம் வந்துச்சே, அதுக்கப்பறம். அதுல நான் ஒருக்காகூடக் கத்தல. நீ மாதப்பாவே இல்லன்னு போட்டுட்ட."

"ஆட்டம் அப்படி."

"ஆட்டம் நல்லாத்தான் இருந்துருக்கும். நாந்தான் கண்ணத் தெறந்துட்டே தூங்கீட்டிருந்தேன்." முழங்கைக்கு அடியிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "அத செஞ்ச புள்ளைங்க, அக்கா தங்கச்சி, உனக்கு ஒரு மெயில் போட்டாங்களே. எங்க தப்பு என்னன்னு சொல்லுங்க, திருத்திக்கறோம்னு. நீ எனக்குப் படிச்சுக் காட்டுன. அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன், இனிமே தூங்கப்படாதுன்னு. ஆனா உக்காந்தாத் தூக்கம் வருதே, என்ன பண்றது? அதான் பாடம் பண்ணிட்டு வந்துர்றது. இந்தக் கதவு, கத்து. இந்தப் படிக்கட்டு, கத்து. நடுவுல கொஞ்சம் கண்ண மூடிக்கலாம்."

"பஸ்ஸுல தூங்கறத விட்டுட்டு, இங்க வந்து தூங்கறதுக்காகப் பஸ்ஸுல ஆடுனீங்களா?"

"சொன்னா அப்படித்தான் இருக்குது."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். போன வருஷம் 'கத்தல் வியாபாரம்' என்று ஒரு வீடியோ போட்டிருந்தாள். பொய்யாக அலறிக் கூட்டம் சேர்க்கிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக் கிழித்திருந்தாள். அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதன் கடைசியில் அவளே சொல்லியிருந்தாள்: "இங்க நடிப்புக் கிடையாது. ஒருத்தர் நெசமாப் பயந்தா அது ஒரு மாதப்பா, அவ்வளவுதான்." அந்த வரியை நம்பித்தான் யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ, அவள் சொன்னதை வாங்கினார்கள், வேண்டாம் என்றதை விட்டார்கள். கப்பல் ஆட்டத்தை விட்டார்கள்.

இத்தனைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்கிறவள் அவள். உண்மையான பயத்தை அவளைப் போலப் பார்த்தவர்கள் குறைவு. பயந்தவர்கள் கத்துவதேயில்லை. பழைய வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். ஃபேனைக் குறைக்கச் சொல்வார்கள். டாக்டர் சாப்பிடப் போய்விட்டாரா என்று ஆசையோடு கேட்பார்கள். பக்கத்தில் யார் இருந்தாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

மணி நாலு ஐம்பது.

விமர்சனத்தைத் திறந்தாள். ஒன்பது, பதினொன்று, ஒன்று. மூன்றையும் அழித்தாள். அழித்த இடத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. விளக்கு நல்லாயிருக்குது, படிக்கட்டில் எதிரொலி நல்லாயிருக்குது, கன்சோலில் பொத்தான்கள் கொஞ்சம் தாமதம். இதையெல்லாம் எழுதலாம். ஆனால் பயமாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி? அதற்கு இந்த வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை.

"மாமா."

"ம்."

"பதினாலு மணி நேரத்துல ஒருக்காகூட நெசமாவே பயம் வரலையா?"

அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

"ஒருக்கா," என்றான்.

"எங்க? அந்தக் கதவுகிட்டயா?"

"போன்ல. பஸ்ஸுல."

"போன்லயா?"

"ஆமா. போன வாரம். மாரிசாமியண்ணன் பக்கத்துல தூங்கீட்டிருந்தாரு. நான் அவரு தொடையக் கவ்விப் புடிச்சுட்டனாமா. மனுசன் எந்திரிச்சு, 'யார்ரா செத்துப்போனது?'ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுது."

இப்போது அவளும் சிரித்தாள். "கத்துனீங்களா?"

"இல்ல. மாதப்பான்னு சொன்னேன். மெதுவாத்தான். எனக்கே கேக்கல."

"எந்த எடம் மாமா? சொல்லுங்க. நான் அங்க மறுபடி ஆடிப் பாத்துட்டு எழுதறேன்." அவள் குறிப்பு நோட்டைக்கூட எடுத்துவிட்டாள்.

"ஒன்னுமே இல்லாத எடம் அது. அந்தச் சின்ன அறை இருக்குமே, அது உள்ள வராதே, நம்ம மூச்சு வாங்கிக்கலாமே, அங்க." அவன் முழங்கையை எடுத்துக் கூரையைப் பார்த்தான். "மெழுகுவத்தி அணைஞ்சுருச்சு. டிவியில அந்த எடம் கொஞ்சம் சாம்பலாத் தெரியும். போன்ல அப்படியில்ல, சுத்தக் கறுப்பு. சரி, எடம் வரட்டும்னு பாத்துட்டே இருக்கறேன். அந்தக் கறுப்புக்குள்ள ஒரு மூஞ்சி. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்குது. கன்னமெல்லாம் தொங்கி, வாய் கொஞ்சம் தெறந்து. சத்தமே இல்ல. மத்ததெல்லாம் ஓடி வரும், இது வரல. என்னயவே பாத்துட்டிருந்துச்சு. நான் மூச்சு விடல, அதுவும் விடல. செத்தோம்னு நெனச்சேன் சுசி. ஆட்டத்துல இல்ல, நெசமாவே."

"அப்படியொரு மூஞ்சி ஆட்டத்துல இல்லையே?"

"பஸ்ஸு ரிங் ரோட்டுல திரும்புச்சு. ஜன்னல்ல வெயிலு. பாத்தா, அது கழுத்துல என்னோட கம்பெனி பேட்ஜு தொங்குது."

சுசித்ரா நோட்டை மூடிவைத்தாள்.

மூன்று வருஷமாக அவள் அவன் முகத்தைத் திரையின் வலது மூலையில், தீப்பெட்டியளவு பெட்டியில்தான் பார்த்துவந்திருக்கிறாள். வாய் திறக்கிறதா, கண் விரிகிறதா, எத்தனை முறை. இப்போது சோபாவில் கிடந்ததைப் பார்த்தாள். முப்பத்திமூன்று வயதுக்கு அந்தக் கண்கள் ரொம்ப ஆழத்தில் இருந்தன. காதருகில் நரை. இது எப்போது வந்தது? பெட்டிக்குள் நரை தெரிந்ததில்லை. சட்டைப் பையில் பேட்ஜைச் சுருட்டி வைத்திருந்தான். நீலப் பட்டை மட்டும் வெளியே தொங்கியது.

"டீ வெக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். உனக்கு ஆறு மணிக்குப் போடோணுமல்ல?"

அவள் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினாள். எழுதத் தொடங்கினாள். இந்த ஒரு வருஷமாக வந்த எண்கள் எதையும் நம்ப வேண்டாம், அவை பொய், தப்பு என்னுடையது என்று எழுதினாள். கப்பல் ஆட்டத்தை மறுபடி ஆடி எழுதுகிறேன் என்று எழுதினாள். அதுவரை கை தயங்காமல் ஓடிற்று. கம்ப்யூட்டர்: மாதப்பா இல்லை. டிவி: மாதப்பா இல்லை. போன்: ஒன்று. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் இன்னொரு வெறும் எண்; இத்தனை பொய் எண்களை நம்பியவர்கள் இதை எதற்கு நம்ப வேண்டும்? இந்த ஒரு வருஷத்தில் அவள் எழுதப்போகும் முதல் உண்மையான மாதப்பா அது. 'போனில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே எதுவும் வராது,' என்று ஆரம்பித்தாள். 'திரை கறுத்ததும், நன்றாக உற்றுப் பாருங்கள்.'

மணி ஐந்து நாற்பது. விசைப்பலகையின் சத்தத்துக்கு நடுவே, சோபா கிறீச்சிட்டது.

"சுசி."

"ம்."

"நான் கத்துனதெல்லாம் பொய்யின்னு வேணும்னா எழுதிக்க. தூங்குனேன்னும் எழுதிக்க. சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும்." அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான், போனைத் திரை தெரியாமல் கவிழ்த்துத் தொடையின் மேல் வைத்திருந்தான். "அந்த மூஞ்சிய மட்டும் எழுதாத கண்ணு."