ஆள் குறைத்த அன்று மாலை

இனி மலையாளம் மட்டும் போதும், தமிழ்ப் பதிப்பை நிறுத்திவிடலாம் என்று பத்திரிகை முதலாளி முடிவு கட்டிவிட்டார். 1936 ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் காலை, மேனேஜர் நாகேஸ்வரன் அச்சுக்கோக்கும் பிச்சையாவையும் கூட இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, “இனிமே வரவேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டார். பத்து வருஷமாக ஈய எழுத்தைப் பொறுக்கி அடுக்கிய கை! பிச்சையாவுக்கு வீட்டில் மனைவி பொன்னம்மையும் மூன்று பிள்ளைகளும். என்ன செய்வான் மனுஷன்? மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போய், மிளகாய் மண்டியில் மூட்டை தூக்க வேலை கேட்டு நின்றான்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாகேஸ்வரன் தும்மிக்கொண்டே மண்டிக்குள் ஓடிவந்தார். அங்கவஸ்திரம் ஒரு பக்கம், குடுமி ஒரு பக்கம்.

“பிச்சையா! சித்த வாடா! மகாராஜா அரண்மனையிலேர்ந்து பெரிய நியூஸ் வந்திருக்கு. இப்பவே தமிழ்லே ஸ்பெஷல் போடணும். சாலைக் கடைத்தெருவிலே இருக்கற தமிழாள் பூரா ஆபீஸ் வாசல்லே நிக்கறா!”

பிச்சையாவுக்கு நெஞ்சு குதித்தது. முகத்தில் காட்டுவானா?

“காலையிலேதானே சாமி வெரட்டினிய?”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டா!”

“நாலு பேருக்கும் வேலை உண்டுன்னு எழுதித் தாருங்க. இல்லேன்னா நீங்களே அடுக்கிக்கிடுங்க.”

“என்ன கேட்டாலும் குடுன்னுட்டார் முதலாளி, போறுமா?” மண்டிக்காரரிடம் பேனா வாங்கி, மூட்டைமேல் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார் நாகேஸ்வரன்.

அப்புறம் கேட்க வேண்டுமா! நாலு பேரும் பறந்தார்கள். பிச்சையாவின் விரல் எழுத்துப் பெட்டிக்குள் பாய்ந்து பாய்ந்து மீண்டது. அவசரத்தில் எழுத்தைப் பார்ப்பானா, அர்த்தத்தைப் பார்ப்பானா? நாலாம் வரியில் கை சட்டென்று நின்றது. ‘இந்துவான எவரும் அரசாங்கக் கோயில்களுக்குள் செல்ல இனித் தடையில்லை.’

“ஏண்டா நிறுத்தினே? நேரமாறது!”

“சாமி, எவரும்னா... நாங்களும் உண்டுமா?” அவர்கள் நாலு பேரின் சாதிக்காரர்களும் அத்தனை காலமும் கோயில் மதிலுக்கு வெளியே நின்றே கும்பிட்டவர்கள்.

“நீயும்தாண்டா! அடுக்கு, அடுக்கு!”

அடுக்கினான். கண் நிறைந்து எழுத்து கலங்கியது, துடைக்க நேரமில்லை. மை காயாத முதல் தாள் வாசலுக்குப் போனதும் கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது.

“நாளைக்கு விடியறச்சே வந்துடுங்கோடா. இன்னும் ஆயிரம் போடணும்” என்றார் நாகேஸ்வரன்.

“நாளைக்கு நாலு பேருக்கும் லீவு வேணும் சாமி” என்றான் பிச்சையா. “பெண்டு பிள்ளையளைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குள்ளே போவணும்.”

நாகேஸ்வரன் சரி என்று தலையை ஆட்டினார்.