நாலரை மணிக்கு வருபவன்

இறந்து மூன்று மாதமான விஜிதரன், 2009 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, அவுஸ்திரேலியாவில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் தன் பெற்றோரின் வீட்டுக்கு வந்து அழைப்புமணியை அடித்தான். சேட்டு நெஞ்சுவரை நனைந்திருந்தது. தகப்பன் கதிர்காமநாதன், "களைச்சுப் போனாய், இரு" என்றார். அவன் கதிரையில் இருந்து, தாய் கொடுத்த பிளேன்டீயைக் குடித்து, ஆறு மணிக்குப் போனான். அடுத்த நாளும் வந்தான். வன்னியை விட்டு ஒருநாளும் வெளியே போகாத பிள்ளைக்கு விலாசம் எப்படித் தெரிந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

யுத்தத்தின் கடைசி வாரத்தில், கடல்நீரேரியைக் கடக்கும்போது அவன் செத்தான் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, கதிர்காமநாதனுக்கு மறதிநோய் முற்றியிருந்தது. தாய் இராஜேஸ்வரி அவரிடம் சொன்னாள். தலையில் அடித்து அழுதார். மறுநாள் காலை, "விஜி எங்கை?" என்று கேட்டார். திரும்பவும் சொன்னாள். முதல்தரம் கேட்பவரைப் போலவே அழுதார். ஆவணிக்குள் நாற்பத்தொரு தரம் அந்த மனுஷனுக்குப் பிள்ளை செத்தது. வீட்டுக்கு வந்து பார்த்து மருந்தும் எழுதும் மனநல நேர்ஸ் மயூராதான் கடைசியில், "இனிச் சொல்லாதேங்கோ அன்ரி. வேலைக்குப் போட்டான், வந்திடுவான் எண்டு சொல்லுங்கோ" என்றாள். புத்தகத்தில் உள்ள யோசனைதான். இராஜேஸ்வரி அப்படியே சொன்னாள். அன்றைக்கே அவன் வந்துவிட்டான்.

மாயத்தோற்றமாக்கும் என்று மயூரா கிழவருக்கு மருந்து எழுதினாள். அவர் நன்றாகத் தூங்கினார். பிள்ளை வருவது நிற்கவில்லை. ஒருநாள் கதவைத் திறந்தது அவளேதான். அதோடு மருந்தை நிறுத்தி, குறிப்பில் 'கம்பளம் ஈரம்' என்று மட்டும் எழுதினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகூடச் செய்யவில்லை என்று சனம் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தினமும் வருகிற பிள்ளைக்கு எப்படி அந்தியேட்டி செய்வது? இராஜேஸ்வரி அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகவே அவள் உயிரோடு இருந்தாள்.

2012 சித்திரையில் கதிர்காமநாதன் தனக்குப் பிள்ளை இருந்ததையே மறந்தார். அன்று நாலரை போனது, ஐந்தும் போனது, மணி அடிக்கவில்லை. இராஜேஸ்வரி மயூராவுக்குப் போன் எடுத்தாள்.

"அவர் கேக்கேல்லை பிள்ளை. கேட்டால்தானே நான் சொல்லலாம். நானா இருந்து சொல்லிப் பாத்தனான், அவன் வரேல்லை."

நோயாளிக்குச் சொல்லும் பொய் வேறு, புத்தி தெளிந்த தாய்க்குச் சொல்லும் பொய் வேறு. இப்போது விட்டால்தான் அவள் அழுவாள், அழுதால்தான் ஆறுவாள். இதைச் சொல்லத்தான் மயூரா காரை எடுத்தாள். குசினி வாசலில், ஆறிப்போன பிளேன்டீயோடு நின்ற இராஜேஸ்வரியைக் கண்டாள். பாவம், படித்த படிப்பெல்லாம் அந்தக் கோப்பைக்கு முன்னால் நிற்கவில்லை. கிழவருக்குப் பக்கத்தில் இருந்து, "விஜி எங்கை அன்ரி?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போட்டான். வந்திடுவான்."

மணி அடித்தது.

அதன்பின் மயூரா நாள்தோறும் நாலு மணிக்குக் கேட்டாள். வர முடியாத நாட்களில் போனில் கேட்டாள். 2013 இல் அவள் மூன்று வாரம் லீவில் போனபோது, பதிலுக்கு வந்த பிலிப்பினோ நேர்ஸ் அந்தக் கேள்வியைத் தமிழிலேயே பாடமாக்கிக் கேட்டாள். உச்சரிப்பு அவ்வளவு சரியில்லை. விஜிதரன் வந்தான், கொஞ்சம் பிந்தி.