பார்க்காத தெருவுக்குக் கட்டிய துணி

மணியடி சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையெட்டும் தூரத்தில் மணி இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. வெள்ளம் வடிந்த பிறகு ஊரின் தொண்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நடத்திய முதல் கூட்டத்துக்கும் மணியோடுதான் வந்திருந்தார். அவருடைய பழைய பள்ளியின் ஆய்வகத்தில் கூட்டம். சுவரில் மார்பளவு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. தரையில் தூவியிருந்த பிளீச்சிங் பவுடர் கண்ணைக் கரித்தது.

"மிச்சமிருக்கிற சாமான் கதையை அப்புறம் பேசலாம். முதல்ல படகு விஷயம்," என்று மணியை ஒரு தட்டு தட்டினார்.

படகு விஷயம் என்றால் படகை ஓட்டியவன் விஷயம். அவன் லாரி மெக்கானிக். முதலுதவிக் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரிக்குக் கொழுந்தன். எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக இருந்த ஒரே மோட்டார் படகு அவன் பொறுப்பில் இருந்தது. அவன்மேல் ஒரு புகார். வாய்க்காலோரத் தெருவின் இஸ்திரிக்காரம்மாவுக்கு வெள்ளத்தில் தகரம் கிழித்துக் காலில் காயம். சர்க்கரை உடம்பு. ஒன்றரை நாள் மாடியிலேயே கிடந்து, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். படகு தெருமுனை வரை வந்து, நிற்காமல் போனதை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். புகார் கொடுத்தது அந்த அம்மாவின் அண்ணன்.

"நிக்கலைன்னு யார் சொன்னா?" என்றான் கொழுந்தன். "வேகத்தைக் குறைச்சேன். முனைக் கம்பத்துல துணி கட்டியிருந்துச்சு. அப்பவும் மனசு கேக்காம மாடியில நின்ன ஆளைப் பாத்துக் கையால கேட்டேன். அவர் போங்கன்னு கை காட்டினாரு."

சமையல் குழுத் தலைவர் சிரித்துவிட்டார். ஆள் பருமன், அண்டா என்பது பட்டப்பெயர். "ஏம்ப்பா, பொண்டாட்டி கால் அழுகிக்கிட்டிருக்கு, புருஷன் வந்த படகைப் போகச் சொல்வானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

துணி என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. இதற்கு முந்திய வெள்ளத்தில் ஒரே தெருவுக்கு மூன்று அமைப்புகள் போர்வை கொடுத்தன. அங்கே போர்வையை மடித்து மெத்தையாக்கிப் படுத்தார்கள். அடுத்த தெருவில் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அதன்பிறகுதான் முடிவு செய்தார்கள்: ஒரு தெருவை வீடுவீடாகப் பார்த்து முடித்த குழு தன் நிறத் துணியை முனைக் கம்பத்தில் கட்டவேண்டும். துணியைப் பார்த்தால் மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்.

"என்ன நிறம்?" என்றார் மணியடி சார்.

"நீலம்."

நீலம் முதலுதவிக் குழுவின் நிறம். எல்லோரும் மருந்துக்கடைக்காரியைப் பார்த்தார்கள். கம்பம் அன்று இரவே சாய்ந்துவிட்டது. துணி எந்தக் கடலில் கிடக்கிறதோ.

"நாங்க அந்தத் தெருவுக்குள்ள போகவே இல்லையே சார்," என்றாள் அவள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த வாரம் முழுக்க அவள் இந்த வாக்கியத்தைத்தான் மனத்துக்குள் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

கொழுந்தன் மறுத்துப் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து படகுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "நான் பாத்தது தப்பா இருக்கும்," என்றான். "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் வாதாடியிருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள். 

"துணியைக் கட்டினது நான்தான்," என்றாள்.

மணியடி சாரின் கை மணிக்குப் போய் அங்கேயே நின்றது.

அன்று காலையில் அண்டாவின் ஆட்கள் அவளுக்கு முந்தி இரண்டு தெருக்களைப் பிடித்திருந்தார்கள். வாய்க்காலோரத் தெருவாவது தன் குழுவுக்கு இருக்கட்டும் என்று, போகிற போக்கில் கம்பத்தருகே தன் குழுவின் துடுப்புப் படகை நிறுத்தச் சொல்லித் துணியைக் கட்டினாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதாகத்தான் எண்ணம். அதற்குள் பிள்ளைகள் விடுதியில் ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டதென்று ஆள் வந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தது. அந்த அலைச்சலில் தெரு மறந்துபோனது. இதுவரைக்கும் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

பொழுது சாயும்போது ஞாபகம் வந்தது. கொழுந்தனுக்கு ஒரு போன் செய்து, "அந்தத் துணியை நம்பாதே" என்றால் போதும். போனைக் கையில் எடுத்தாள். பார்க்காமலே கட்டினாயா என்று ஊரே கேட்குமே என்று தோன்றியது. இந்நேரம் யாராவது பார்த்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்தாள். இதையும் கூட்டத்தில் சொன்னாள்.

அண்டா தொண்டையைக் கனைத்தார்.

"அட, இதுக்கா அக்கா இப்படி நடுங்குறீங்க? நாங்களும் மார்க்கெட் தெருவுல காலையிலயே கட்டிட்டு, சாயங்காலம்தான் சோறு கொண்டுபோனோம்."

போர்வை கொடுக்கும் குழுவிலிருந்து ஒருவர் அசட்டுச் சிரிப்போடு, "உண்மையைச் சொன்னா எல்லாரும் அப்படித்தான். இல்லன்னா உங்க ஆளுங்க முந்திக்குவாங்களே," என்றார்.

"நாங்களா முந்திக்கிறோம்? நல்லா இருக்குய்யா நியாயம்!" என்று சீறினார் அண்டா.

மணி அடித்தது. "ஆக, இது தனி மனுஷர் தப்பு இல்ல, நடைமுறைக் கோளாறு. இனிமே தெருவைப் பிடிக்க ஒரு துணி, பாத்து முடிச்சா ரெண்டாவது துணி. சம்மதமா? தம்பி, சாவியை எடுத்துக்கோ. அம்மா, நீங்க தண்ணி குடிங்க."

தண்ணீர் வந்தது. அவள் சுமந்துகொண்டு வந்து இறக்கியதை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கி, எடையே இல்லாததாக ஆக்கிவிட்டார்கள். இரண்டாவது துணி எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்ற சண்டை அதற்குள் தொடங்கிவிட்டது. அவள் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

பைக் அருகே கொழுந்தன் நின்றிருந்தான்.

"ஒரு வாரமா உங்க வீட்லதான் சாப்பிடுறேன் அண்ணி," என்றான். "தூக்கமே வரலைன்னு உங்ககிட்டதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு பரிமாறினீங்களே."

"தம்பி..."

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டிய இடம் வேற இருக்கு. ஏறுங்க."

வாய்க்காலோரத் தெருவில் வீட்டுச் சாமான்களெல்லாம் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் பெயிண்டர். இஸ்திரி மேசையைச் சாய்த்துவைத்து, சுவரைச் சுரண்டும் தகட்டால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்ததும் எழுந்தார். கொழுந்தனின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

அவள் உட்காரவில்லை. துணி கட்டியதை, வராமல் போனதை, போனைக் கீழே வைத்ததை நின்றபடியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்; முகத்தில் கோபமே வரவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும்மா," என்றார். "நீங்க கட்டினதை மாடியிலிருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தோம்."

"பாத்தீங்களா?"

"மருந்துக்காரங்களே கட்டிட்டாங்க, இனிமே கவலை இல்லைன்னு என் சம்சாரத்துகிட்ட சொன்னேன். அப்புறம் இந்தத் தம்பி படகுல வந்தாரு. கூப்பிடுங்கன்னு அவ கத்துனா. சும்மா இரு, மருந்துப் பையோட அவங்க வர்ற நேரத்துல நாம படகுல போயிட்டா அலைய விட்ட மாதிரி ஆயிடும்னு நான்தான் அடக்கினேன். தம்பி கையைக் காட்டிக் கேட்டாரு. போங்கன்னேன்."

கொழுந்தன் மெல்ல மூச்சுவிட்டான். "இதை உங்க மச்சான்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே. ஊர் என்னைப் பொய்யன்னு சொல்லிச்சு."

"எந்த வாயால சொல்லுவேன் தம்பி?" தகட்டின் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அவ காய்ச்சல் மயக்கத்துலயே இருந்தா. நான் தடுத்தது அவளுக்கு ஞாபகம் இல்ல. படகு ஏன் நிக்கலைன்னு என்னையே கேக்குறா. தெரியலையேங்குறேன்."

மருந்துக்கடைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் துணி ஒரு காலோடு நிற்கவில்லை. இந்த மனிதரின் வாயையும் கட்டியிருக்கிறது.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்ககிட்டச் சொல்லப்போறேண்ணே," என்றாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வேணாம்மா. நடந்தது நடந்துபோச்சு. உங்க மேல எங்களுக்கு வருத்தமே இல்ல."

"வருத்தப்படுறதும் படாததும் அவங்க சொல்ல வேண்டியது."

"நீங்க சொன்னா, அப்புறம் நானும் சொல்லணுமே."

சொல்லாமல் விட்டால் இவர் தப்பிப்பார். கூடவே தானும் தப்பிப்போம். எவ்வளவு வசதியான கருணை என்று நினைத்தாள். அசையாமல் நின்றாள்.

பெயிண்டர் தகட்டை மேசைமேல் போட்டார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார், நகக்கண் வரைக்கும், வெகுநேரம். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார்.

"முதல்ல நீங்க உள்ள போங்க," என்றார். "நான் வார்டு வாசல்ல நிக்கிறேன். அவ கூப்பிட்டா வர்றேன்."