நகத்தளவு சதை

இருளம்மாளுக்குப் பிரீத்திகாவைக் கண்ட நாளிலிருந்தே ஆகவில்லை. மார்பில் கட்டி, நாளைக்கு ஆபரேசன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளிடம் வந்து, "அக்கா, அந்தக் கட்டியில நகத்தளவு சதை எங்க காலேஜ் லேபுக்குத் தருவீகளா? அதுல எந்த உலோகம் எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதுவும் அவள் யார்? பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதிக்குத் தூரத்துச் சொந்தம். விசாரிக்காமல் விடுவாளா இருளம்மாள்! பத்தொன்பது வருசம் அந்தக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவள். இப்போது மகள் மாரிசெல்வியும் அதே மருந்து ரூமில் வேலை செய்கிறாள். அவளை அங்கிருந்து எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று தாய் தவிக்க, "அந்த மருந்தாலதான் ஒனக்குக் கட்டி வந்துச்சுன்னு ஆதாரம் காட்டு, அன்னைக்கே நின்னுக்கிடுதேன்" என்று சவால் விட்டிருந்தாள் மகள். அதற்காகத்தான் சதை தரவே சம்மதித்தாள்.

இருளம்மாள் பேர் ஒட்டிய சின்ன வெள்ளை டப்பா ஒன்றைக் கொடுத்தாள் பிரீத்திகா. "திறக்காம நர்சம்மாகிட்ட குடுத்துருங்க."

திறக்கக்கூடாதாமே! உள்ளே எதையோ தடவி வைத்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். மகளிடம் சொல்லி வீட்டிலிருந்து அதே அளவு டப்பா ஒன்றைக் கொண்டுவரச் செய்தாள். வெந்நீரில் மூன்று தடவை அலசி, பேர்ச்சீட்டைப் பிய்த்து அதில் ஒட்டி, நர்சிடம் கொடுத்தாள். இருளம்மாளா கொக்கா!

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் பிரீத்திகா இருளம்மாளின் நாரணாபுரத்து வீட்டுக்கே வந்தாள். மாரிசெல்வி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அலுமினியம் நம்பவே முடியாத அளவுக்கு இருக்கு. நான் குடுத்த டப்பாவுலதான வச்சாக?"

இருளம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு 'ஆமா' போதும், மகள் தப்பித்தாள்.

"ஆமா."

"ஏம்மா பொய் சொல்லுத?" என்றாள் மாரிசெல்வி. "நம்ம டப்பாவத்தான நான் கொண்டாந்து குடுத்தேன்? கம்பெனிக்கு அலுமினியப் பவுடர் சாம்பிள் வந்த டப்பா."

பிரீத்திகாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப இது செல்லாதுக்கா. டப்பாவுல ஒட்டியிருந்ததா, ஒங்க ஒடம்புல இருந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அடிப் பாவி, வாய மூடிட்டுத் திங்கமாட்டியா!" இருளம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆதாரம் போச்சுல்ல? நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்று மகள் சோற்றைப் பிசைந்தாள்.

பிரீத்திகா எழுந்திருக்கவில்லை. "அதுக்கு முந்தி அந்த டப்பாவுல என்னக்கா வச்சிருந்தீக?"

இவளுக்கு இன்னும் என்ன வேண்டுமாம்? "உப்பு. ஆறு வருசமா உப்புதான்" என்று வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

மாரிசெல்வியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. டப்பாவைக் காலி பண்ணியபோது மிச்ச உப்பை ஜாடியில் கொட்டியவள் அவள்தான். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "அக்கா, எங்க உப்பையும் பாத்துச் சொல்லுவீகளா?" என்றாள்.

இருளம்மாள் ஜாடியை எடுத்து வந்து பிரீத்திகாவின் முன்னால் வைத்தாள்.

"ஒன் டப்பாவுலயே எடுத்துக்கம்மா. நான் தொடல."